மேட்டில் நின்ற காரும் காதர் பாயும்

கோத்தா திங்கிக்குச் சரக்கு ஏற்றிப் போய் வரும் லாரி ஓட்டி ஒருவர்தான் செய்தி கொண்டு வந்தார். எங்கள் லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்கு வெளியே, காலை வண்டியில் இறங்குபவர்களுக்காக வாடகைக் காருடன் காத்திருந்தேன்.

"வேலு, காதர் பாய் முந்தாநேத்து மவுத்தாயிட்டாரு. காய்ச்சல்தான். அன்னிக்கு சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டாங்க," என்றார்.

அதன் பிறகு ரயில் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை.

காதர் பாயை இந்த ஊரில் பலரும் அறிவீர்கள். கடைத்தெருக் கோடியில் தகரக் கூரை போட்ட கார்ப் பட்டறை வைத்திருந்தார். நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். என்னைவிட ஓரிரு வயது மூத்தவராக இருந்திருக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பட்டறையை அவர் ஏன் திடீரென்று மூடிவிட்டுப் போனார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இத்தனை நாள் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது நான் சீன முதலாளியான ஒரு தவுக்கேயின் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். சில வாரங்களாக ஒரு தொல்லை. பிரேக்கை மிதித்தால் சில சமயம் இஞ்சின் அணைந்துவிடும். எல்லா நேரமும் அல்ல. காதர் பாய் பெட்ரோல் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். மறுநாளும் அணைந்தது. "கிளச்ச நேரத்துக்கு மிதிக்கத் தெரியல உனக்கு," என்றார் தவுக்கே. நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி செல்லம்மாவுக்கு அந்த வாரம்தான் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, "இது என் கையில இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்றாள். உச்சி வெயிலில் செல்லம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி இருந்த குளுவாங்கை நோக்கிக் கிளம்பினேன். பாதி வழியில் ஒரு மேடு. ஏறிக்கொண்டிருக்கும்போது, மரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். இஞ்சின் அணைந்தது.

கார் பின்னால் உருளாமல் இருக்கக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கி முன்னால் இஞ்சினைக் கிளப்பும் இரும்புப் பிடியைச் செருகிச் சுற்றினேன். சுற்றிச் சுற்றி உள்ளங்கை பிய்ந்தது. செல்லம்மா முதலில் கத்தினாள், பிறகு கத்தவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்த ஆட்கள் காரை மேட்டின் உச்சி வரை தள்ளிவிட்டார்கள். அங்கே ஒரே சுற்றில் இஞ்சின் ஓடத் தொடங்கியது.

செல்லம்மா பிழைத்தாள். குழந்தை பிறக்கும்போதே மூச்சில்லை. பெண் குழந்தை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்," என்றார் அங்கிருந்த நர்ஸ். தவுக்கே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கால்தான் கொன்றது என்று நம்பினேன்.

நான்காம் நாள் காதர் பாய் என் வீட்டுக்கு வந்தார். "மேட்டுல நின்னு சுத்தினப்ப கைப்பிரேக் போட்டிருந்தியா?" என்று கேட்டார்.

"போடாம இருந்தா உருண்டுடுமே பாய்."

"மேல தள்ளிட்டுப் போனதும்?"

"எடுத்துட்டேன். சமதரைதானே."

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். பிறகு, "எந்திரிச்சு வா," என்றார்.

பட்டறையில், தவுக்கே கொண்டு வந்து விட்டிருந்த காரின் தரைப்பலகையைக் கழற்றினார். என்னை உள்ளே உட்கார வைத்து இஞ்சினை ஓடவிட்டார். "லேசா மிதி." ஓடியது. "அழுத்தி மிதி." அணைந்தது. "காலை எடுக்காம இரு," என்று சொல்லி முன்னால் போய்ப் பத்து முறை சுற்றினார். ஓடவில்லை. "இப்ப விடு." ஒரே சுற்று. ஓடியது.

என்னை இறக்கிக் குனியச் சொன்னார். தீப்பொறி கொடுக்கும் மேக்னட்டோவிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் கம்பி, பிரேக் கோலுக்கு ஒட்டினாற்போல் போயிருந்தது. உரசி உரசி அதன் மேலுறை தேய்ந்துபோயிருந்தது. பிரேக்கை அழுத்தினால் கோல் நகர்ந்து வெறும் கம்பியில் படும். உடனே தீப்பொறி நின்றுவிடும். கைப்பிரேக்கும் அதே கோலைத்தான் இழுக்கிறது. மேட்டில் நான் நாள் முழுக்கச் சுற்றியிருந்தாலும் அது ஓடியிருக்காது.

"உன் கால் மேல தப்பில்ல வேலு," என்றார். பிறகு எண்ணெய்க் கைகளைத் துடைக்காமலே நின்றுகொண்டு, "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இந்தக் கம்பிய மாத்திக் கட்டினது நான்தான். கோலத் தொடாம கட்டியிருக்கணும். பாக்கல," என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

அவர் அதோடு விடவில்லை. தவுக்கேயிடம் போய் அதையே சொன்னார். எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. செல்லம்மாவிடமும் வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார். "சொல்லாமலே இருந்திருக்கலாமே அண்ணே," என்றாள் அவள்.

"நான் சொல்லலன்னா வேலு ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கிட்டு இருப்பான்மா," என்றார் அவர்.

தவுக்கே தன் கார்களை வேறு இடத்துக்கு அனுப்பினார். கேள்விப்பட்ட மற்ற கார்க்காரர்களும் அனுப்பினார்கள். சில மாதங்களில் காதர் பாய் குடும்பத்தோடு கோத்தா திங்கிக்குப் போய்விட்டார். வழியனுப்ப நான் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு சவாரி அந்த ஊருக்குப் போனது. ஆற்றோரம் ஒரு சிறிய கொட்டகையில் அவரைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். "செல்லம்மா எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கா பாய்," என்றேன். மழையைப் பற்றிப் பேசினோம். 'உங்க மேல கோபம் இல்ல' என்ற சொற்கள் வாய் வரை வந்தன. சவாரிக்காரர் அழைத்தார். அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன்.

செய்தி வந்த மறுநாள் செல்லம்மாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "பாய் மேல எங்களுக்குக் கோபம் இல்லக்கா. எப்பவோ போயிடுச்சு," என்றேன்.

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார் அவர்.

"இல்லக்கா."

திரைக்குப் பின்னாலிருந்து அழுகை கேட்டது. செல்லம்மா எழுந்து உள்ளே போனாள்.

காதர் பாய் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குழந்தையைப் பறிகொடுத்தவன் முகத்துக்கு நேரே நின்று, தன் தவறைத் தானே சொன்னார். அப்படிச் சொன்ன மனிதரிடம் இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது என்னிடம் இருக்கிறது. நான் சொல்லாததும் என்னிடமேதான் இருக்கிறது.