முப்பதாவது குண்டூசி

டிப்போவில் அவளுக்குப் பெயர் 'பிரேக்கு'. நிறுத்தம் வர இன்னும் நூறடி இருக்கும்போதே அவள் கால் பிரேக்கைத் தேடிவிடும். பதினொரு வருடம் பேருந்து ஓட்டி, ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. பயந்தாங்கொள்ளி என்று கண்டக்டர் கேலி செய்வார். அந்தப் பயத்தை நம்பித்தான் தினமும் அத்தனை பேர் அவள் முதுகுக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போனார்கள்.

பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். பழைய சீருடை பேண்ட்டின் இடுப்புப்பட்டை சரியாக ஆபரேஷன் தழும்பின் மேல் வந்து உட்கார்ந்தது. நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் தோல் உரிந்துவிடும். டிப்போவில் கொடுப்பதெல்லாம் ஆண்களின் அளவு. அதனால் சாம்பல் நிறத் துணி வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்தே அளவெடுத்து, தழும்புக்கு நாலு விரல் மேலே பட்டை வரும்படி தானே வெட்டினாள்.

சனிக்கிழமை மதியம் மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி, உக்காந்துக்கிட்டு அளவு எடுக்குறீங்க? ஊரே நின்னுக்கிட்டுத்தான் கொடுக்கும்."

"நான் நின்னுக்கிட்டா பஸ் ஓட்டுறேன்?"

"அது சரி. கீழ ஒருத்தன் உருண்டுக்கிட்டு இருக்கான், நீங்க ஊசியைப் பரப்பி வச்சிருக்கீங்க. எங்க அண்ணன் லோடு இறக்கிட்டு வர்ற வரைக்கும் வீடு இருக்குமா?"

"எண்ணித்தான் வச்சிருக்கேன். முப்பது."

உண்மைதான். டப்பாவின் மூடியிலேயே முப்பது என்று எழுதி ஒட்டியிருந்தாள். குத்துகிற ஒவ்வொரு குண்டூசியும் தைத்து முடித்ததும் டப்பாவுக்குத் திரும்பிவிட வேண்டும். இது அவளுடைய சட்டம்.

பேண்ட் இடுப்பில் படிய, பின்பக்கத் துணியில் இரண்டு மடிப்புப் பிடித்துத் தைக்க வேண்டும். முதல் மடிப்பைத் தைத்தாள். இரண்டாவதைக் கை தொடும்போது பிள்ளை அழுதான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அவனுக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, பாயில் விட்டாள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தைத்தாள் என்று நினைக்காதீர்கள். அதற்குள் பால் பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது, நனைந்த துணி மாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் களைத்துப்போய், இன்றைக்கு இது போதும் என்று குண்டூசிகளை எண்ணினாள்.

இருபத்தொன்பது.

மறுபடி எண்ணினாள். இருபத்தொன்பது.

தையல் மெஷின் டிராயரில் இருந்த காந்தத்தை எடுத்து, தரையெல்லாம் முழங்காலிட்டுத் தடவினாள். ஒரு ஹேர்பின் வந்தது. ஒரு பழைய ஆணி வந்தது. பாயின் ஓரத்தில் பிள்ளை எதையோ சப்பிக்கொண்டிருந்தான். பாய்ந்து போய் வாய்க்குள் விரல் விட்டாள். ஒன்றும் இல்லை, வெறும் எச்சில். விரல் பட்டதில் அவன் குமட்டி, இருமி, வீறிட்டான்.

விழுங்கிவிட்டானோ என்று பிள்ளையை அள்ளிக்கொண்டாள். படியேறி நாத்தனாரின் கையைப் பிடித்து, "உன் வண்டியை எடு" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்கூட்டரின் பின்னால் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக அவள் சொன்னாள்: "பிரேக் போடாத. போ."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொன்னார். மேஜை ஐஸ்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. அவள் தோளில் கிடந்த துணியை எடுத்து விரித்து, அதன் மேல் படுக்கவைத்தாள். முதுகு பட்டதும் அலறினான்.

படம் வந்தது. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்தார். சின்ன விலா எலும்புகளுக்குக் கீழே, வயிற்றின் நடுவில், தலையும் முனையுமாக ஒரு குண்டூசி.

தழும்பு நரம்பு நரம்பாகச் சுண்டியது. ஒரு பேண்ட்டுக்காக. என் சௌகரியத்துக்காக. இதைத் தவிர அவள் மனதில் வேறு வார்த்தை இல்லை.

"எந்த ஆழத்துல இருக்குன்னு பார்க்கணும். பக்கவாட்டுல ஒண்ணு எடுப்போம். தேவைன்னா இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்" என்றார் டாக்டரம்மா.

மறுபடி படுக்கவைத்தார்கள். அலறினான். தூக்கினார்கள். நிறுத்தினான். படுக்கவைத்தார்கள். அலறினான்.

நாத்தனார் சட்டென்று அவனைப் பிடுங்கிக்கொண்டாள். "இருங்க. உள்ள இருக்கிற பின்னு தூக்கினா மட்டும் எங்க போயிடும்?"

அவனைத் திருப்பினாள். பிஞ்சு முதுகில், கடுகளவு சிவப்புப் புள்ளி. மேஜையில் விரித்திருந்த துணியை உருவி உதறினாள். ஒரு பக்கம் தைத்த மடிப்பு. மறுபக்கம் தைக்காத மடிப்பு. அதில் குண்டூசி.

"அண்ணி, இது துண்டு இல்ல. உங்க பேண்ட்டு."

ஆறு மாதமாக அவள் தோளில் பிள்ளைக்கான துண்டு இல்லாத நேரமே இல்லை. தோளில் துணி இருந்தால் அது துண்டு. கை அப்படித்தான் பழகியிருந்தது. இரண்டாவது மடிப்பைத் தைத்துவிட்டதாக மனமும் நம்பிவிட்டது.

துணியில்லாமல் எடுத்த படத்தில் எலும்புகள் மட்டுமே இருந்தன. அப்போதுதான் அவள் அழுதாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், அங்கே நின்றவர்கள் விலகி வழிவிடும் அளவுக்கு அழுதாள்.

"பின்னு முன்னாடி போகல, பின்னாடிதான் குத்துச்சு" என்றாள் நாத்தனார். "போதும் அண்ணி. அவன் உங்களைப் பார்த்துப் பயப்படுறான்."

ஞாயிற்றுக்கிழமை குண்டூசி டப்பா மாடிக்குப் போய்விட்டது. மிச்சத்தை அவள் குண்டூசிக்குப் பதில் வெள்ளை நூலால் நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டு, அதன் மேல் தைத்து முடித்தாள். நாத்தனார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காவல் இருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பட்டை தழும்பைத் தொடவில்லை.

"பிரேக்கு, இடுப்புல பின்னாடி வெள்ளை நூல் தொங்குது. பிய்ச்சுடவா?" என்றார் கண்டக்டர்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள்.

இடது கை ஒருமுறை தோளைத் தடவிப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. வண்டியைக் கிளப்பினாள்.