பதினான்காம் கேள்வி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாத வெயிலில், இலங்கை மலைநாட்டில் கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நாற்பது மாணவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். திரும்பியபோது என் பையில் நூறு படிவங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதாமல் இருந்துவிடத்தான் இவ்வளவு நாளும் பார்த்தேன். முடியவில்லை.

அப்போது நான் மலைக்குக் கீழே, வேறொரு மாகாணத்தில், ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். எனக்குக் கிடைத்தது பொதுக் கல்விப் பாடம். கணக்கியல் படித்தாலும் சரி, பூச்சியியல் படித்தாலும் சரி, அங்கே நுழைகிற எல்லோரும் ஆங்கிலம், கணினி, சமூகமும் சூழலும் என்று மூன்று பாடங்களைத் தாண்டியே ஆக வேண்டும். அந்தப் புள்ளிகளை யாரும் எதிலும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் சித்தியடையாவிட்டால் பட்டம் கையில் வராது. 'சும்மாப் பாடம்' என்று பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாவது சும்மாப் பாடம் என்னுடையது.

முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் மண்டபம். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே நான் வறுமையை வாசிப்பேன், வீடமைப்பை வாசிப்பேன், மண்ணரிப்பை வாசிப்பேன். கீழே பாதிப் பேர் கைப்பேசியில், மீதிப் பேர் தூக்கத்தில். ஒரு நாள் எனக்கே என் குரல் அலுத்துவிட்டது. நான் பிறந்த மலையை இவர்கள் கண்ணால் பார்க்கட்டும், செருப்பில் சேறு ஒட்டட்டும் என்று ஓர் ஆசை எழுந்தது. கள ஆய்வு என்று ஒன்றைப் பாடத்திட்டத்தில் சேர்க்க ஒரு வருடம் அலைந்தேன். ஒரு தடவைக்கு நாற்பது பேர் என்று அனுமதி கிடைத்த அன்று எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

இருபது கேள்விகள். குடிதண்ணீர், கழிப்பறை, கூரை, பிள்ளைகளின் படிப்பு என்று போகும். பதினான்காவது கேள்வி: வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் வெடிப்பு, சரிவு, நீர்க்கசிவு உண்டா? படிவத்தின் அடியில், விரும்பித்தான் பதில் சொன்னேன் என்று இரண்டு வரி. அதற்குக் கீழே அவர்களுடைய கையெழுத்து. கையெழுத்து இல்லாத படிவத்துக்குப் புள்ளி இல்லை என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். யாரையும் அவர்கள் சம்மதமில்லாமல் கேட்டு எழுதக் கூடாது. அது ஆய்வு ஒழுக்கம். அப்படித்தான் நானும் படித்திருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஆட்கள் இருந்தார்கள். பிள்ளைகள் இருவர் இருவராக, சோடிக்கு ஐந்து வீடு என்று பிரிந்து போனார்கள். மலை செங்குத்தாக ஏறும் இடத்தில், அதன் இடுப்பில் ஒட்டினாற்போல் பத்து வீடுகள் கொண்ட ஒரு லயம். அதன் கடைசி வீட்டில் என் வயதுள்ள ஒரு பெண். கொழுந்து பறித்துப் பறித்து விரல்நுனிகள் கறுத்திருந்தன. வாசலில் அவருடைய கணவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு டீச்சருக்கு?"

"தெமோதரைப் பக்கம். லயத்துலதான் பொறந்தேன்."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? நம்ம ஆளுதான். அப்ப எழுதிக்கிட்டுப் போயி எங்கயாச்சும் போட்டுற மாட்டாங்க."

நான் சிரித்தேன். மறுக்க வேண்டிய இடம் அதுதான்.

"இவள தோட்ட ஆபீசுல வெடிப்புக்காரின்னு கூப்புடுறாங்க டீச்சர்," என்றார் கணவர், மண்வெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "திங்கக்கெழமையானா காலப் பெரட்டுல வேலைக்குப் பேரு குடுத்த கையோட ஆபீஸ் வாசல்ல போயி நிப்பா. கிளாக்கரையா தூரத்துல கண்டதுமே, என்னா வெடிப்புக்காரி, இந்த வாரம் எத்தன அங்குலம்னு கேப்பாரு."

"கேக்கட்டுமே. ஊமையாட்டம் ஒரு புருசன் வாய்ச்சா பொண்டாட்டிதான் கத்தணும்."

"நான் பேச எங்க எடம் குடுத்த?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வீட்டுக்கு வந்திருந்த இருவரில் ஒருத்தி மொனராகலைக்காரி. அவளுடைய அப்பா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்பவர். அவள்தான் வெடிப்பைக் காட்டச் சொன்னாள்.

லயத்துக்குப் பின்னால், மழைநீர் ஓடும் கானுக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அது வளைந்து ஓடியது. சில இடத்தில் கோடு. சில இடத்தில் வாய். அந்தப் பெண் வெடிப்பின் இரண்டு கரையிலும் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளை நட்டு, நடுவில் நூல் கட்டி வைத்திருந்தார். நூல் இரண்டு தடவை அறுந்துவிட்டதாம். மூன்றாவது நூல் விறைத்து நின்றது.

மொனராகலைப் பெண் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மிஸ், இது வெயிலுக்கு வெடிச்சது இல்ல. எங்க ஊர்ல வெயிலுக்கு வெடிக்கிறது வேற மாதிரி. இங்க ஒரு பக்கம் கீழ எறங்கியிருக்கு. யாருக்காச்சும் அறிவிக்க வேணாமா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணிக்கு பஸ். இன்னும் பாதிப் பேரின் படிவங்களைச் சரிபார்க்கவில்லை.

"அது நம்ம பாடத்துக்குள்ள வராதும்மா. படம் எடுத்து ஒட்டுங்க. பக்கத்துல ஏதாவது வச்சு எடுங்க, அளவு தெரியணும். அதுக்குத் தனிப் புள்ளி இருக்கு."

அவள் தன் செருப்பைக் கழற்றி வெடிப்பின் ஓரத்தில் வைத்துப் படம் எடுத்தாள். செருப்பு உள்ளே சரிந்தது. அதை எட்டி எடுக்க அவள் கையை முழங்கை வரை விட வேண்டியிருந்தது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கையெழுத்து வைக்கும் நேரம் வந்தபோது அந்தப் பெண்ணே லயம் முழுவதையும் கூப்பிட்டார். கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வோர் எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். பேனையைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தில் ஒரு நிம்மதி. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படிவத்துக்கு நூற்றுக்கு எழுபத்தெட்டு போட்டேன். பச்சை மையால், 'நல்ல அவதானிப்பு, படம் தெளிவு' என்று எழுதினேன். நூறையும் அடுக்கி, சணலால் கட்டி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மாணவர்களின் ஆக்கங்களைக் குறிப்பிட்ட காலம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மலைநாட்டு மழையைப் பற்றி எழுதுகிறவர்கள் பச்சையைப் பற்றியும் பனியைப் பற்றியும் எழுதுவார்கள், நானும் எழுதியிருக்கிறேன். அந்த வருடத்து மழைக்கு நிறமே இல்லை. ஐந்து நாள் ஓயவில்லை. ஆறாம் நாள் மதியம் மொனராகலைப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மிஸ், அந்த லயம் போயிருச்சு."

"எந்த லயம்?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை.

"அந்த அக்காட நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. நியூஸ் கேட்டுட்டு எடுத்தேன். அழுறாங்க மிஸ். மலை அந்தப் பக்கமாத்தான் வந்திருக்கு." பிறகு, "நான் கேட்டேன்ல மிஸ்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. தான் கேட்டது உண்மைதானா என்று சரிபார்த்துக்கொள்வதுபோல் இருந்தது.

பாதை திறந்த அன்று போனேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தங்க வைத்திருந்தார்கள். மேசைகளின் மேல் ஈரத்துணி. சிமெந்துத் தரையில் பாய்கள். கரும்பலகைக்குக் கீழே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். அடிப்பார், குறைந்தபட்சம் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"வந்துட்டீங்களா டீச்சர்? வருவீங்கன்னு தெரியும்."

அவரே சொன்னார்.

"மத்த வருசத்துல மழை ரெண்டு நாள் விடாம அடிச்சாலே நான் எல்லாத்தையும் வெரட்டிக்கிட்டு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்துருவேன். ஏசிக்கிட்டே வருவாங்க. இந்த வருசம் நான் வெரட்டல. எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க, படம் புடிச்சிருக்காங்க, ஆபத்துன்னா வந்து சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன்."

ஆபீசுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் வந்துபோன அடுத்த திங்கட்கிழமை போனதுதான் கடைசி. யுனிவர்சிட்டியிலிருந்து வந்து எழுதிப் போயிருக்கிறார்கள் என்று சொன்னதும், அதுவரை கேலி பேசிய கிளாக்கரும் பேனையை மூடி வைத்துவிட்டு, "அப்ப சரி, பெரிய எடத்துக்குப் போயிருச்சு. இனி நீயும் நானும் பேசப் படாது," என்றாராம். எழுதப்பட்ட பிறகு திரும்பக் கேட்பது எழுதினவரைச் சந்தேகப்படுவது. தோட்டத்தில் அப்படித்தான்.

மலை சரிந்த அன்று காலை, ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்திருக்கிறது. அதைக் கண்டதும் அவர் கத்தியிருக்கிறார். பத்து வீட்டு ஆட்களும் கையில் அகப்பட்டதோடு இறங்கினார்கள். பாதித் தூரத்தில் கணவர் திரும்பிவிட்டார்.

"'மழைன்னா பாக்க வருவாங்க புள்ள. வீடு பூட்டிக் கெடந்தா ஆளில்லன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. நீ போ, நான் வாசல்லயே இருக்கேன்'னாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. ஐடென்டிட்டி கார்டெல்லாம் எடுத்துச் சட்டப் பையில வச்சிருந்தாரு."

மூன்றாம் நாள் மண்ணிலிருந்து உடலை எடுத்தார்களாம். அட்டைகள் பையிலேயே இருந்தனவாம்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது அசட்டுத்தனமாகத் தோன்றலாம். எங்கள் ஆட்களுக்கு அப்படி இல்லை. குடியுரிமைப் பதிவில் எழுதப்பட்டவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள், எழுதப்படாதவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். யாரோ ஒருவர் கோப்போடு வருகிற நாளில் கதவு பூட்டியிருந்தால் அந்தக் குடும்பத்தின் பேர் விடுபட்டுப் போகும். என் அப்பாவே அப்படி ஒரு நாள் முழுவதும், காய்ச்சலோடு, வாசலைவிட்டு எழும்பாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து வளர்ந்த நான்தான் அவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். அந்த மனிதர் வாசலில் காத்திருந்தது எங்களுக்காக.

அந்தப் பெண் என் கையைப் பிடித்தார்.

"டீச்சர், அந்த ஃபோம் இப்ப எந்த ஆபீசுல இருக்கு? புது வீடு குடுக்கப் போறாங்களாம். முன்னாடியே அறிவிச்சிருந்தோம்னு காட்டுனா மொதப் பட்டியல்ல போடுவாங்களாம். எங்க போயி கேக்கணும்னு சொல்லுங்க. நான் போயிக்கிறேன்."

தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் வாய் வரை வந்தது.

"அது எந்த ஆபீசுக்கும் போகல," என்றேன். "பிள்ளைங்களோட பரீட்சைக்காக எழுதினது. என் அலுமாரியில இருக்கு."

"பரீட்சைக்கா?"

"எல்லாரும் கட்டாயம் பாஸ் பண்ண வேண்டிய ஒரு பாடம். அதுக்கு."

கையை அவர் உடனே எடுக்கவில்லை. மெதுவாக, விரல் விரலாக எடுத்தார். கரும்பலகையைப் பார்த்தார். அடுத்த பாயில் யாரோ இருமினார்கள்.

"பாஸ் பண்ணிட்டாங்களா?"

"ம்."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

"நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது வாழ்த்தா, சாபமா என்று எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் சொன்ன தொனி மட்டும் எனக்கு வருவதில்லை.

மறுநாள் சணலை வெட்டி, அந்த லயத்துப் படிவங்கள் பத்தையும் எடுத்தேன். வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. கொண்டுபோனேன். பதுளையில் மண்சரிவைக் கவனிக்கும் அலுவலகத்தில் ஒரு அதிகாரி படிவத்தையும் செருப்புப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆவணியிலேயே தெரிஞ்சிருக்கு. திகதி இருக்கு, கையெழுத்து இருக்கு. ஏன் மிஸ் அப்பவே எங்களுக்கு அனுப்பல?" என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர்களுடைய பெயர்கள் பட்டியலில் சேர்ந்தன. வீடு இன்னும் வரவில்லை. அந்தப் பெண் தகரக் கொட்டில் ஒன்றில் இருக்கிறார். பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கப் போகிறார். நான் கூப்பிட்டால் பேசுவார், நான்கு வார்த்தை. மொனராகலைப் பெண் பட்டம் பெற்று வேலைக்குப் போய்விட்டாள். மலையில் மழை என்று செய்தி வரும் நாட்களில் அவளிடமிருந்து எனக்கு அழைப்பு வரும். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அதே பாடத்தைத்தான் இன்றும் படிப்பிக்கிறேன். இப்போது பிள்ளைகள் முதல் கேள்விக்கு முன்னால், இது எங்கே போகும், எங்கே போகாது என்று வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டதும் சில வீடுகளில் கதவைச் சாத்துகிறார்கள். சாத்தட்டும். ஆபத்தான எதையாவது கண்டால் அன்றைக்கே அறிவிக்க வேண்டும்; அதற்குப் புள்ளி கிடையாது.

ஆனால் இவையெல்லாம் பிந்தி வந்த புத்தி. நம்மை நம்பித் தன் பயத்தைச் சொல்லிக் கையெழுத்தும் வைத்த ஒருவர் அத்தோடு பயப்படுவதை நிறுத்திவிடுகிறார் என்பதும், அந்தக் கணத்திலிருந்து அவருக்காகப் பயப்பட வேண்டியவர்கள் நாம்தான் என்பதும் அந்த ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.