அறுந்த தந்தி

இன்று ஏழாவது கிட்டார் வாங்கியிருக்க வேண்டியவன் நான்.

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்குபவர்கள், ஊரைவிட்டுக் கிளம்பும்போது கிட்டாரை விற்றுவிட்டுப் போவார்கள். வாங்க நான் இருக்கிறேன். என் வீட்டில் வாசிக்கத்தான் ஆள் இல்லை.

இன்று ஒரு பெண், தன் கிட்டாரை வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக்கே கொண்டுவந்தார். சுவரில் வரிசையாகத் தொங்கும் ஆறையும் பார்த்தார். நான் பெருமையாக நின்றேன்.

பச்சைக் கிட்டார் அருகே போனதும் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணா, இது என் ரூம்மேட்டோடது. உங்ககிட்டதான் வித்தாளா?”

“ஆமாங்க, போன வருஷம். நல்ல பீஸு.”

“அப்பவே இந்த ஸ்ட்ரிங் அறுந்துதானே இருந்துச்சு? இன்னும் மாத்தலீங்களா? புதுசு ஒண்ணு பையிலயே வெச்சிக் குடுத்தாளே!”

பையை எடுத்து வந்தேன். பக்கவாட்டு ஜிப்பை அவரே திறந்தார். புதுத் தந்தி, பிரிக்காத உறையோடு உள்ளேயே இருந்தது.

அவர் தான் கொண்டுவந்த கிட்டாரை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்.

“தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா. வாசிக்கறவங்க யாருக்காவது குடுத்துடறேன்.”

“அதாங்க சரி” என்றேன், தரையைப் பார்த்து.

வழக்கமாக ஒரு கிட்டார் கைநழுவினால் எனக்குச் சோறு இறங்காது. இன்று அந்த ஏக்கமே இல்லை. இன்னொன்று வேண்டும் என்ற ஆசையே விட்டுப்போனது. சுவரைப் பார்க்கத்தான் கூசுகிறது.

தந்தி மாட்டத் தெரிந்தவர்கள் யாராவது வந்து சொல்லிக்கொடுங்கள். யூடியூபில் பார் என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே பார்த்துப் பார்த்துத்தான் இத்தனையும் வாங்கினேன்.