பனி பார்க்காத பனிச்சறுக்கு மிஸ்

சென்னையில பனிச்சறுக்கு சொல்லித் தர்றது என் பிழைப்பு. நான் கண்ட பனியெல்லாம் வீட்டு ஃப்ரீசர்ல இருக்கிறதுதான். செய்து பார்க்காத வேலையைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குறவங்க யாராவது இருந்தா, பக்கத்துல வந்து உட்காருங்க.

ரெண்டு குச்சி

பனியில நடந்துகிட்டே சறுக்குற விளையாட்டு இது. இங்கே அதுக்கு வழியில்லாததால காலுல சக்கரம் வச்ச நீளக் கட்டை, ரெண்டு கையிலயும் குச்சி. மொபைல்ல வீடியோ பார்த்து நானே கத்துக்கிட்டேன். முதல் நாள் காலையில கோட்டூர்புரம் ரோட்ல இறங்கினேன். இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வச்சுட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரெண்டு காலும் நல்லாத்தானே கீது, எதுக்கு குச்சி?"

ஒரே பாடம்

வீடியோவுல எப்படி விழணும்னும் ஒரு பாடம் இருந்தது. தார் ரோட்ல விழுந்தா தோல் உரியும், கத்துக்க வர்றவங்க மறுநாள் வரமாட்டாங்க. அதனால அதைத் தள்ளிட்டேன். என்கிட்ட ஒரே சட்டம்: விழக்கூடாது.

தரமணியில வேலை பார்க்கிற வைஷ்ணவி ஆறு மாசம் என்கிட்ட கத்துக்க வந்தா. ஒரு தடவைகூட விழலை. எனக்கு அதுல தலைக்கனமே வந்துடுச்சு. மயிலாப்பூர்லேர்ந்து அவ அம்மா போன் பண்ணிப் பாராட்டினாங்க.

"ஆத்துக்கு வரச்சே உடம்புல ஒரு கீறல் இல்லை. அது போறும் எனக்கு."

ஒரு சீட்

நான் சொல்லித் தர்ற கிளப்புலேர்ந்து இமயமலைக்கு ஆரம்பப் பயிற்சி முகாம். வைஷ்ணவியோட சேர்த்து மாணவர்கள் எட்டுப் பேர், கூடப் போக பயிற்சியாளருக்கு ஒரு இடம். எனக்குத்தான்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருந்தாங்க. தி.நகர்ல தேடிப்பிடிச்சு கம்பளிக் கையுறைகூட வாங்கிட்டேன். கடைசி வாரம் பட்டியல் வந்தது. என் இடத்துல கிளப் செயலாளர் பேர். கட்டையில கால் வச்சே பார்க்காத மனுஷன். நேராப் போய் அவர்கிட்டயே கேட்டேன். சிரிச்சுகிட்டே சொன்னார்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே மேடம். தெரியாத நாங்க போய்க் கத்துக்கிட்டு வர்றோம்."

மாவுக்கட்டு

வைஷ்ணவி திரும்பி வந்து முதல்ல என்னைத்தான் பார்க்க வந்தா. வலது மணிக்கட்டுல மாவுக்கட்டு. முகாம்ல முதல் நாளே மத்தவங்க பக்கவாட்டுல சாய்ஞ்சு சிரிச்சுகிட்டே விழுந்தாங்களாம். இவ மட்டும் என் சட்டப்படி விறைப்பா நின்னிருக்கா. தடுமாறினதும் விழாம இருக்கக் கையை ஊனியிருக்கா. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. மெதுவாக் கேட்டா.

"அங்க முதல் பாடமே எப்படி விழறதுங்கறதுதான் மிஸ். நீங்க ஏன் சொல்லித் தரலை?"

சொல்லித் தந்திருப்பேன்மா, என்னையும் யாராவது ஒரு தடவை அந்தப் பனியில விழ விட்டிருந்தா.