ஊறப்போட்ட மிளகு

மிளகு ஏன் உறைக்கிறது? ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் எங்கள் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில், அவர்கள் நாட்டுத் துணி வியாபாரி ஒருவருக்கு இந்தக் கேள்வி வந்தது. மிளகில் நுண்ணிய முள் இருக்கும், அதுதான் நாக்கில் குத்துகிறது என்று நினைத்தார். மிளகைத் தண்ணீரில் ஊறவைத்து, தானே செய்த நுணுக்குக்காட்டியால் பார்த்தார். முள்ளைக் காணவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன.

டென்மார்க்கில், ஓகூஸ் நகரில் நடந்த என் பரீட்சைக்கு இதைத்தான் செய்துகாட்ட எடுத்திருந்தேன். நாங்கள் இருக்கும் ஹோர்சன்ஸ் ஊர்ப் பண்டகசாலையில் பெட்டி கட்டியது போதும் என்று, தலை நரைத்த பிறகு ஆய்வுகூட வேலை படிக்கப் போனவள் நான். தவறினால் திரும்பவும் பெட்டிதான். "இந்த வயதில உமக்கேன் படிப்பு?" என்று என் கணவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கண்ணாடிக் கம்பியை நெருப்பில் உருக்கி, கடுகளவு மணி ஒன்று எடுத்து, பித்தளைத் தகட்டில் பொருத்தினேன். அதுதான் என் நுணுக்குக்காட்டி. குசினி யன்னலில் ஒரு போத்தல் தண்ணீரில் மிளகு வாரக்கணக்காக ஊறிக்கொண்டிருந்தது.

பரீட்சையன்று காலை பார்த்தால் போத்தல் காலி. இவர் அடுப்படியில் நின்று ஏதோ குடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, அந்த மிளகுத் தண்ணி எங்கை?"

"எனக்குத் தடிமன். ஊறின மிளகை ஏன் வீணாக்குவான் எண்டு ரசம் வைச்சிட்டன்."

"அது நாறினது தெரியேல்லையோ?"

"மூக்கடைப்பு."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டேனிஷ்காரி கதவைத் திறந்து பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்து அழுதேன். இவர் போய்ச் சப்பாத்தைக் காலில் போட்டார்.

"அந்தத் துணி யாவாரி தன்ரை பல்லைச் சுரண்டியும் உயிர்களைப் பார்த்தவர் எண்டு நீர் பாடமாக்கேக்க கேட்டனான். தடிமனில நான் இண்டைக்குப் பல்லும் தீட்டேல்லை. வாரும்."

நாலு டேனிஷ்காரரைக் கண்டாலே என் பின்னால் ஒளிகிற மனிதர், பரீட்சை வகுப்பில் என்னோடு படித்த இளம்பிள்ளைகளின் முன்னால் வாயை அகலத் திறந்துகொண்டு நின்றார். முன்பல்லில் சுரண்டியதைத் தண்ணீரில் கலந்து பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது: சூடான கோப்பி குடித்தால் முன்பல்லில் இருப்பவை செத்துவிடும் என்று அந்த வியாபாரியே கண்டிருந்தார். கோப்பி என்ன, ரசம் என்ன! கடைவாய்ப் பல்லைச் சுரண்டினேன். அசைந்தன. ஆசிரியையும் பார்த்தார். நான் சித்தியடைந்தேன்.

இவரும் கண்ணை வைத்துப் பார்த்தார். "இவ்வளவு காலமும் இதுகளுக்கும் சேர்த்தே சமைச்சனீர்?"

திரும்பி வரும் ரயிலில் இவர் யன்னல் பக்கம் இருந்து மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். வீடு கிட்டியபோது என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த சோதினைக்கு என்ன ஊறப்போட வேணும்? சொல்லும், நான் போடுறன்."