சோப்பு போட்டுக் கழுவிய குடுக்கை

கரண்டி நுனியால் குடுக்கையின் உட்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன அந்தக் கைகள். பச்சை இலைச் சக்கை பொத்பொத்தென்று தாளில் விழுந்தது. கட்டைவிரல் உள்ளே போய் ஒரு சுற்று தடவி, வெளியே வந்து மூக்கருகே நின்றது. பிறகு கைகள் வேறு ஈரச் சக்கையை அள்ளி உள்ளே அடைத்தன. நான்கு நாட்களில் இது ஆறாவது தடவை.

அனிபால் உம்பியேரெஸ் என் எதிர்வீட்டுக்காரர். மாத்தே என்னும் இலைப் பானம் குடிக்கும் சுரைக்குடுக்கைகளுக்குத் தோல் தைத்து, விளிம்பு கட்டி, குடித்த இலைச் சக்கையை அடைத்து வைத்துச் சுரையின் கசப்புப் போகப் பழக்கிக் கொடுப்பது அவருக்கு முப்பது வருடத் தொழில். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முதல் வருடம் உடைத்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு மூட்டை தேறும் என்பார். இன்று மொந்தேவிதேயோவின் பழைய நகரத்தில் பாதிப் பேர் கையில் இருப்பது அவர் பழக்கிய குடுக்கைதான்.

இந்தக் குடுக்கை அவருடைய அப்பா எவுசேபியோவுடையது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து நாற்பது வருடம் அதில்தான் குடித்தார். குளிர்காலத்தில் பக்கவாதம் வந்த பிறகு அவர் விரும்பி ஏற்றது அது ஒன்றுதான்.

பத்து நாள் ஓய்வுக்கென்று அனிபாலின் அக்கா நோர்மா சுவீடனிலிருந்து வந்திருந்தாள். ராணுவ ஆட்சியில் அவள் கப்பலேறியபோது அனிபாலுக்கு எட்டு வயது. காலையில் ராமிரெஸ் கடற்கரையில் குளிப்பாள். மழை வந்தால் பொரித்த மாவுரொட்டி கேட்பாள். "இங்கதான்டா நான் மூச்சு விடுறேன்," என்று என்னிடமும் சொன்னாள்.

ஐந்தாம் நாள் அவள் குடுக்கையின் உள்ளே பார்த்தாள். நாற்பது வருடத்துக் கறுப்பு. பூசணம் என்று நினைத்து, சோப்பு போட்டு, கம்பி நாரால் வெள்ளையாகத் தேய்த்து வைத்தாள்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, சுவீடன்ல பாவத்தக்கூட இப்படித்தான் கழுவுவாங்களா?"

நோர்மா சிரிக்கவில்லை. அப்பா ஒரு வாய் உறிஞ்சியதும் துப்பிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து சூப்பும் இறங்கவில்லை.

"வேற புதுசு குடேன்டா. உன்கிட்ட நூறு இருக்கே."

"குடுத்தேன்கா. கையால தடவிப் பாத்துட்டுத் தள்ளிவிட்டுட்டாரு."

"நாளைக்கு மத்தியானம் எனக்கு ஃபிளைட். என் கையால ஒரு வாயாவது குடிச்சாருன்னா..."

"அக்கா, இது தையல் விட்டதுன்னா தச்சுடுவேன். விரிசல்னா அடைச்சுடுவேன். இது நாப்பது வருஷம். நான் எங்க போயி வாங்கிட்டு வருவேன்?"

ஆனாலும் கை ஓயவில்லை. விறகுச் சாம்பல் தடவிப் பார்த்தார். என் வீட்டில் குடித்த சக்கையைக்கூட வாங்கிக்கொண்டு போனார். முதல் நாள் அலசிய தண்ணீரில் நுரை வந்தது. மூன்றாம் நாள் நுரை நின்றது, சோப்பு மணம் போகவில்லை.

மறுநாள் டாக்சிக்குச் சொல்லியாகிவிட்டது. நோர்மாவின் பெட்டி வாசலில் இருந்தது. அனிபால் இலைத்தூளைச் சரித்துப் போட்டு, குழலைச் செருகி, ஃபிளாஸ்கைச் சாய்த்தார். முதல் குடுக்கை எப்போதும் ஊற்றுகிறவருக்கு. மெதுவாக உறிஞ்சினார்.

"எப்படிடா இருக்கு?" நோர்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இன்னொரு தடவை உறிஞ்சினார். அப்புறம் என்னைப் பார்த்தார். சோப்பு போகவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"இவ்வளவுதான்கா என்னால முடிஞ்சது," என்று இரண்டாவதை ஊற்றி அவள் கையில் வைத்தார். "நீயே குடு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, நோர்மா வந்திருக்கேன்."

சுவர்ப்பக்கம் இருந்த தலை மெல்லத் திரும்பியது. நன்றாக இருந்த கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்து, உள்ளங்கையை விரித்தது. அவள் குடுக்கையை அதில் வைத்தாள்.