ஐம்பது எண்ணிய பிறகு இருட்டு

நாடகத்துக்கு லைட் போடுகிறவனை ஜனங்கள் திரும்பிப் பார்த்தால், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். இதே தொழிலில் இருட்டில் முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மைசூரில் பத்தொன்பது வருஷமாக என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. போன வருஷம் பார்த்தார்கள்.

முகம் தெரியவில்லை

மிஷேலும் தொமாவும் காங்கோவிலிருந்து எம்.ஏ. படிக்க வந்தவர்கள். ஒரே அறையில் தங்கும் இரண்டு ஆண்கள் காதலிக்கிற கதையை அவர்களே எழுதி, அவர்களே நடித்தார்கள். முதல் ஒத்திகையில் வழக்கமான லைட்டைப் போட்டேன். மேடையில் இரண்டு சட்டைகள் காதல் வசனம் பேசின. இத்தனை வருஷமும் மாநிறத்துக்கு மட்டுமே லைட் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மிஷேலை ஸ்டூலில் உட்காரவைத்து, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் நீலம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாலு மணி நேரம். மன்னிப்புக் கேட்டேன். அரைகுறைக் கன்னடத்தில் சொன்னான்: “பரவாயில்லைண்ணா. மைசூருக்கு வந்து ரெண்டு வருஷத்துல என் முகத்தை யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.”

பிடிக்கத் தெரியவில்லை

கடைசிக் காட்சியில் இருவரும் கட்டிக்கொள்ள வேண்டும். தொமாவுக்கு வரவில்லை. டைரக்டர் சுஜாதா மேடம் ஒன்பது தடவை செய்யவைத்தார். மேடைக்கு வெளியிலும் அவர்கள் காதலர்கள் என்பதும், தொமா அடுத்த மாதம் ஊருக்கே திரும்பிவிடுவான் என்பதும் எனக்கும் மேடத்துக்கும் மட்டும் தெரியும். அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் மாதப்பா துடைப்பத்தோடு நின்று கவனித்துக்கொண்டிருந்தார். அரங்கக் கமிட்டியில் போட்டுக்கொடுத்துவிடுவாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

மாதப்பா தொண்டையைச் செருமினார். “மேடம், அவரு பஸ் ஏத்திவிட வந்தவர் மாதிரி பிடிக்கிறாரு. போகாதேன்னு பிடிக்கச் சொல்லுங்க.”

ஸ்விட்ச்

அவர்கள் கட்டிக்கொண்டதும் ஐந்து எண்ணி நான் இருட்டாக்க வேண்டும். நாடகத்தன்று தொமா பிடித்த பிடியில் மிஷேலின் சட்டைத் தையல் விட்டது. யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. லைட்டை அணைத்தால் பிடியை விட்டுவிடுவார்களே என்று என் விரல் நகரவில்லை. ஐம்பது வரை எண்ணியிருப்பேன். மொத்த அரங்கமும் என் பக்கம் திரும்பியது.

ஸ்விட்ச் சிக்கிக்கொண்டது என்றேன். மேடம் நம்பினார். நாடகம் முடிந்ததும் மிஷேல் என் லைட் அறைக்கு ஏறி வந்து ஸ்விட்சைத் தள்ளிப் பார்த்தான். சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. “உங்களை விட்டுட்டுப் போனது யாருண்ணா?”

பேர்

அவன் கொள்ளேகாலில் பட்டுக்கடையில் இருந்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பஸ் ஸ்டாண்டில் வைத்து அவன் கல்யாணப் பத்திரிகையை என் கையில் கொடுத்தான். நானும் போய்ப் பந்தி பரிமாறிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லாததை அன்று ஒப்பனை அறையில் அவர்கள் இருவரிடமும் சொன்னேன்.

ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்தேன். தொமா பேர் கேட்டான். “சிவராஜ்” என்றேன். அத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சரியாக வரும்வரை அவனும் மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். “இனிமே எங்க ரெண்டு பேருக்கும் அவரைத் தெரியும்” என்றான்.

தொமா ஊருக்குப் போய்விட்டான், மிஷேல் ஞாயிற்றுக்கிழமைகளில் விஜயநகரில் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். ஆக, இந்தத் தொழிலில் நான் சம்பாதித்தது, என் சாம்பாரில் உப்பில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ஓர் ஆள்.